மாமா அமுக்க அமுக்க ஓடின கார்

அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். குளச்சல்ல இருந்து தோவாளைப் பூச்சந்தைக்குப் போய் கல்யாண மாலை ரெண்டையும் வாங்கிட்டு வரணும்.

அவ்வளவுதான்.

கொழுந்தியா சுஜிக்குக் கல்யாணம். பத்தரைக்கு மாதா கோயில்ல பூசை. மாலைக்கு முன்னாடியே சொல்லி வெச்சாச்சு. போனோமா, வாங்கினோமா, வந்தோமா. பஸ்ல ஏறி இறங்கத் தெரிஞ்ச எவனும் செஞ்சு முடிச்சிருவான்.

ஆனா நான் ஷார்ஜாவுல ஏசி மெக்கானிக்கா இருந்தவன்.

இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் மாமனார் பெர்க்மான்ஸ், குளச்சல்ல ஏலத்துல மீன் எடுத்து கேரளாவுக்கு அனுப்புற வியாபாரி. அவர்கிட்ட ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு. மூக்கு உருண்டையா, முன்சீட்டு சோபா மாதிரி நீளமா, கதவைச் சாத்தினா பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற மாதிரியான கார். "எனக்கு மூணு பிள்ளைய. ரெண்டு வீட்டுக்குள்ள கெடக்கு, ஒண்ணு ஷெட்டுல கெடக்கு"ன்னு பெருமையா சொல்லுவார். வீட்டுக்குள்ள உள்ளதுல மூத்தவ ஸெலின், என் சம்சாரம். இளையவ சுஜி. ஷெட்டுல உள்ளதுமேலதான் பாசம் கூடுதல்னு ஸெலினுக்கு ஒரு பழைய வருத்தம்.

அந்த மூணாவது பிள்ளை மழைக்காலம் வந்தா காலையில எழும்பாது. சோக்கை இழுக்கணும், கெஞ்சணும், தெருவுல நாலு பேரு தள்ளணும். லீவுல வந்த நான் இதைப் பாத்துக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

இருக்கல.

"மாமா, இதுல உள்ள கார்புரேட்டரைக் கழட்டி எறிஞ்சிட்டு ஃபியூயல் இஞ்செக்ஷன் போட்டுருவோம். சாவியத் திருப்பினா போதும், புது கார் மாதிரி ஸ்டார்ட் ஆகும்."

மாமா என்னை ஒரு பார்வை பாத்தார். "ஓடுத வண்டிய ஏன் மருமவனே நோண்டுதீரு?"

"ஓடலியே மாமா. ஆளுவ தள்ளுதாவ."

"என்னவும் செய்யும்"னு சொல்லிட்டு அவர் உள்ள போயிட்டார். அந்த ஒரு வெற்றி எனக்குப் பெரிய ஆபத்தாப் போச்சு.

அடுத்த லீவுக்கு வரும்போது ஷார்ஜாவுல இருந்தே சாமான் எல்லாம் கொண்டு வந்தேன். எஞ்சின் பக்கத்து வேலையை நெட்ல வீடியோ பாத்துப் பாத்து நானே முடிச்சேன். வயர் இழுத்தேன், குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டியை மாட்டினேன். என் மேல எனக்கே ஒரு மரியாதை வந்திருச்சு!

மிச்சம் இருந்தது பெட்ரோல் பம்பு.

இந்த இடத்துல கொஞ்சம் கவனமா கேளுங்க. இஞ்செக்ஷனுக்கு பெட்ரோலை வேகமா அடிச்சுக் கொடுக்க ஒரு கரண்டு பம்பு வேணும். பழைய டேங்குக்குள்ள அதை வைக்க எடம் கிடையாது. வெளியதான் மாட்டணும். வீடியோவுல வந்த வெள்ளைக்காரன் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மறுபடியும் மறுபடியும் சொன்னான். பம்பை டேங்குக்குப் பக்கத்துல, டேங்கை விட கீழ மாட்டணும். அந்தப் பம்புக்குத் தள்ளத்தான் தெரியும், உறிஞ்சத் தெரியாது. பெட்ரோல் தானா இறங்கி வந்து அதோட வாய்ல விழணும்.

எனக்கு நல்லாவே புரிஞ்சுது. காருக்கு அடியில படுத்து, மாட்ட வேண்டிய எடத்தை சாக்பீஸால கோடு போட்டுக்கூட வெச்சேன்.

அப்பதான் கிளீட்டஸ் வந்தான்.

கிளீட்டஸ் என் கூடப் படிச்சவன். குளச்சல் கடப்புறத்துல மீன் பிடிக்கிற வள்ளத்து எஞ்சின் எது மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் தேடுவாங்க. நடுக்கடல்ல நின்ன எஞ்சினையெல்லாம் ஓடவெச்ச கை. டிரில் மெஷினையும் அவன்தான் கொண்டு வந்தான். சாக்பீஸ் கோட்டைக் குனிஞ்சு பாத்தான். பாத்துட்டு என்னைப் பாத்தான்.

"லேய் மக்கா, ஒனக்கு கிறுக்கு பிடிச்சிட்டா? கரண்டுல ஓடுத சாமானக் கொண்டு அடியில வைக்கப் போறியா?"

"அப்படித்தான்டே வைக்கணும். வீடியோவுல சொல்லுகான்."

"அவன் ஊருல கடலு உண்டா?"

"தெரியல்ல."

"வள்ளத்துல அடியில கெடக்குத எது உருப்பட்டிருக்கு? உப்புத் தண்ணி குடிச்சுச் செத்துரும். மழை பெஞ்சா ஒங்க தெருவுல முட்டளவு தண்ணி நிக்கும்லா? பம்பு முங்கும். உசரத்துல வையி. நனையாத எடமா வையி."

எங்க தெருவுல மழைத்தண்ணி நிக்கிறது உண்மைதான். கேட்டா நியாயமாத்தான் இருந்திச்சு. கடப்புறத்துல பிறந்தவனுக்கு இந்த நியாயம் ரத்தத்துலயே ஊறினது. தண்ணிக்கு எட்டாத உசரத்துல இருந்தா பாதுகாப்பு! நான் தலையாட்டினேன்.

இப்படித்தான் டேங்கை விட கீழ இருக்க வேண்டிய பம்பு, டிக்கிக்குள்ள டேங்குக்கு மேல, பின்சீட்டு முதுகுக்குப் பின்னாடி ஏறி உக்காந்துது.

"ஆனா மக்கா, இது உறிஞ்சாதாம்டே."

"அதுக்குத்தான் இது." கிளீட்டஸ் பையில இருந்து ஒரு சாமானை எடுத்தான். கையடக்கமா ஒரு கறுத்த ரப்பர் பல்பு. ரெண்டு பக்கமும் குழாய் மாட்டலாம். வள்ளத்து எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இதை நாலு அமுக்கு அமுக்கினா எண்ணெய் ஏறிடும். "இது இல்லாம நான் எந்த எஞ்சினையும் கடலுக்கு அனுப்ப மாட்டேன். கைக்கு எட்டுத எடத்துல கெடக்கணும்."

அப்படிச் சொல்லி, பின்கண்ணாடிக்குக் கீழ உள்ள பலகையில ஓட்டை போட்டு, குழாயை மேல எடுத்து, அந்த பல்பை அங்கன வெச்சான். குழந்தை இயேசு சுரூபத்துக்கும் டிஷ்யூ பெட்டிக்கும் நடுவுல. பெட்ரோலை இப்படிப் பிடரிக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டு ஊர் சுத்தினோம்னு இப்ப நினைச்சாலும் எனக்கு ஈரக்குலை நடுங்குது. அன்னைக்கு நடுங்கல. புத்தி இருந்தாத்தானே நடுங்கும்!

டேங்கை வாய் வரைக்கும் நிறைச்சோம். பல்பை நாலு அமுக்கு. சாவியைத் திருப்பினேன்.

ஒரே திருப்புல ஸ்டார்ட்!

மாமா ஷெட்டு வாசல்ல நின்னு கேட்டார். அப்புறம் "கொள்ளாம்"னார். அவரு வாயில இருந்து கொள்ளாம், நல்லாருக்குன்னு வாறது ஏலத்துல நல்ல நெய்மீன் வாறதை விட அபூர்வம். அந்த வாரம் முழுக்க கல்யாணப் பத்திரிகை குடுக்க அந்தக் காருலதான் சுத்தினோம். ஒரு குறையும் இல்ல. டேங்கு குறைஞ்சிக்கிட்டே வந்தது ஒண்ணுதான், அதை யாரு பாத்தா?

கல்யாணத்தன்னைக்குக் காலையில ஸெலின் சொன்னா: "வாடகைக்கு ஒரு காரு விளிச்சிட்டுப் போங்க. இன்னைக்கு எந்தங்கச்சிக்குக் கல்யாணமாக்கும். ஒங்களுக்க பரீட்சை இல்ல."

"ஸெலின், இது இப்ப புது வண்டி."

மாமாவும் கூட வந்தார். மாலையைத் தானே பாத்து எடுக்கணும்னு சொன்னார். நான் அவரோட காரை விரட்டி ஓட்டுறேனான்னு பாக்க வந்தார்ங்கிறது எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை, கரை போட்ட டபுள் வேட்டி, முகத்துல பவுடர். முதலாளி மாதிரி பின்சீட்டுல உக்காந்தார்.

ஸெலின் ஜன்னல் பக்கம் குனிஞ்சா. "மாலை இல்லாட்டாலும் பரவாயில்ல. அப்பாவ நேரத்துக்குக் கொண்டு சேத்திருங்க. அவருதான் சுஜிக்க கையப் புடிச்சு கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போவணும். அவ ஒரு மாசமா அதையேதான் சொல்லிட்டுக் கெடக்கா."

"மாலையும் வரும், மாமாவும் வருவாரு!"

தோவாளைக்குப் போய்ச் சேர ஒரு பிரச்சினையும் இல்ல. மாமா ஒவ்வொரு மாலையையும் மீனைப் பாக்குற மாதிரி தூக்கிப் பாத்து, முகர்ந்து பாத்து, "இது நேத்தையது, இது இன்னையது"ன்னு பிரிச்சார். பூக்காரர் அரண்டு போயிட்டார். நல்ல மாலை ரெண்டு கிடைச்சுது. முன்சீட்டுல வாழை இலையை விரிச்சு வெச்சுக்கிட்டுத் திரும்பினோம்.

வெள்ளமடம் தாண்டினதும் பின்னாடி பம்பு "கீ...ச்"னு கத்திச்சு.

கார் ரெண்டு குலுங்கு குலுங்கிச்சு. நின்னுச்சு.

எனக்கு உடனே விளங்கிருச்சு. டேங்குல பெட்ரோல் இறங்கியாச்சு. பம்பு மேல கெடந்து காத்தைக் குடிக்குது. வெள்ளைக்காரன் சொன்னது காதுல திரும்பக் கேட்டுது. ஆனா வெளிய காட்டிக்கல.

"மாமா, உங்களுக்குப் பின்னால ஒரு ரப்பர் பல்பு இருக்குல்லா? அதை நாலு அமுக்கு அமுக்குங்க."

"நானா?"

"நான் சாவி திருப்பணும் மாமா."

மாமா அமுக்கினார். ஸ்டார்ட் ஆச்சு! "பாத்தீங்களா மாமா, நிசாரம், ஒண்ணுமே இல்ல!"னு சொல்லிக் கியரைப் போட்டேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கீச். மறுபடியும் மாமா அமுக்கினார். மறுபடியும் ஓடிச்சு.

மூணாவது தடவை நிக்கும்போது சங்கதி தெளிவாயிட்டுது. மாமா அமுக்கினா கார் ஓடும். மாமா கையை எடுத்தா கார் நிக்கும்.

"நிறுத்தாம அமுக்கிக்கிட்டே வாங்க மாமா. பங்க் வந்ததும் நிறைச்சிருவோம்."

முதல் பங்க் வந்துது. கரண்டு இல்ல! பகல்ல பாதி நேரம் கரண்டு இல்லாத காலம் அது. ஜெனரேட்டர் ரிப்பேர்னு பங்க்காரப் பையன் கையை விரிச்சான். அடுத்த பங்க்ல தெருவு வரைக்கும் கியூ. அதுல போய் எஞ்சினை நிறுத்தினா திரும்ப எழும்புமாங்கிற பயம் எனக்கு. பத்தரைப் பூசை மண்டைக்குள்ள மணி அடிச்சுது. ஓடுறதை நிறுத்தக் கூடாதுன்னு நேரா விட்டேன்.

மாமா சீட்டுல பாதி திரும்பி, வலது கையைப் பின்னால நீட்டி, அமுக்கிக்கிட்டே இருந்தார். பவுடர் எல்லாம் வேர்வையில கரைஞ்சு சட்டைக் காலருக்கு வந்துட்டுது.

"மருமவனே."

"சொல்லுங்க மாமா."

"புது கார் மாதிரின்னு சொன்னீரே. புது காருக்கெல்லாம் பின்சீட்டுல ஒரு மாமனாரும் சேத்தா தாறான்?"

நான் ரோட்டைப் பாத்தேன். "ஏத்தம் வருது மாமா, கொஞ்சம் வேகமா..."

"பெத்தவன் பூசைக்கு முன்னால ஒரு ஜெபம் சொல்லலாம்னு இருந்தேன். இஞ்ச கெடந்து பால் கறக்குதேன்."

"இறக்கம் வந்தாச்சு மாமா. பைய, பைய."

வடசேரி. அசையாத டிராபிக். பஸ்ஸும் வேனுமா முன்னாடியும் பின்னாடியும் அடைச்சு நிக்குது. மாமா அமுக்கிக்கிட்டு இருக்கார். பக்கத்துல நின்ன ஆட்டோ டிரைவர் தற்செயலா எங்க காருக்குள்ள பாத்தார்.

அவரு பாத்தது என்னன்னு அவரு பக்கத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. கல்யாண வேட்டி கட்டின ஒரு பெரியவர். வேர்த்து ஊத்துது. வாய் பிளந்து மூச்சு வாங்குது. கையில ஒரு ரப்பர் பல்பு, அதுல இருந்து ஒரு குழாய். விடாம அமுக்குறார். டிரைவர் சீட்டுல ஒருத்தன் முகம் வெளிறிப் போய், "விட்டுராதீங்க மாமா, விட்டுராதீங்க!"ன்னு கத்துறான்.

"ஐயோ, பெரியவருக்கு முடியல!" ஆட்டோக்காரர் வெளிய சாடிக் குதிச்சார். "ஓய், பஸ்ஸ எடும்! வழி விடுங்கப்பா! ஆளு போயிரும்!"

"அண்ணே, அது அப்படி இல்ல..."

"நீரு பேசாதீரும்! என் பின்னாலயே வாரும்!"

சும்மா சொல்லக் கூடாது. எங்க ஊரு மாதிரி உதவி செய்யுற ஊரு உலகத்துல கிடையாது. பஸ் ஒதுங்கிச்சு. வேன் ஒதுங்கிச்சு. ஆட்டோ லைட்டைப் போட்டு, ஹாரனை விடாம அடிச்சுக்கிட்டு முன்னாடி போகுது. ரெண்டு பைக்குக்காரங்க சிவப்புத் துண்டை ஆட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் சேந்துக்கிட்டாங்க. டிராபிக் விட்டு வெளிய வந்தா போதும்னு நானும் பின்னாலயே போனேன்.

அவங்க என்னைக் கொண்டு விட்டது ஆசாரிப்பள்ளம் ஆசுபத்திரி வாசல்ல.

நான் திரும்பலாம்னு பாத்தா பின்னாடி பைக் ரெண்டும் மறிச்சு நிக்குது. அதுக்குள்ள ஸ்ட்ரெச்சர் வந்தாச்சு. ஆசுபத்திரி ஊழியர் ஒருத்தர் பின்கதவைத் திறந்து, "பெரியவரே, பைய இறங்குங்க"ன்னு மாமா தோளைப் பிடிச்சார்.

"எறங்க மாட்டேன்!" மாமா அலறினார். "கைய எடுத்தா நின்னுரும்!"

சுத்தி நின்னவங்க நெஞ்சுல கை வெச்சாங்க. ஒரு அம்மா சிலுவை போட்டுக்கிட்டா.

ஊழியர் விவரமானவர். பல்பைப் பாத்தார். குழாயைப் பாத்தார். குழாய் பலகை ஓட்டைக்குள்ள போறதைப் பாத்தார்.

"இந்தக் குழாய் எங்க போவுது?"

"டேங்குக்கு."

"ஆக்சிஜனா?"

"பெட்ரோலு."

அவரு ஸ்ட்ரெச்சரைப் பைய பின்னால இழுத்துக்கிட்டார்.

ஆட்டோக்காரர் முகத்தை நான் ஏறிட்டே பாக்கல. "இதுக்காடே நான் பஸ்ஸெல்லாம் ஒதுக்கினேன்?"னு கேட்டார். நியாயமான கேள்வி. சமாதானமா ஏதாவது சொல்லலாம்னு வாயெடுத்தேன், செல்போன் அடிச்சுது. ஸெலின்.

"எங்க நிக்கிய? ஃபாதர் ரெண்டு தடவ கேட்டாச்சு!"

பக்கத்துல இருந்து அந்த அம்மா சத்தமா ஆறுதல் சொன்னா: "ஆசுபத்திரிக்கு வந்தாச்சுல்லா, இனி பயப்படாண்டாம் மக்களே!"

போன்ல ஒரு அலறல். அதுக்குப் பின்னாடி மாமியோட அலறல். அதுக்குப் பின்னாடி வேற யார் யாரோ. போன் கட் ஆச்சு.

"மருமவனே, வண்டிய எடும்"னார் மாமா. குரல்ல ஒரு கோபமும் இல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்திச்சு. "பிள்ளை வாசல்ல நிக்குது. கை போனாலும் பரவாயில்ல. எடும்."

எடுத்தேன். அங்க இருந்து குளச்சல் வரைக்கும் மாமா அமுக்கிக்கிட்டே வந்தார். வலது கை அசந்தா இடது கை. இடது கை எட்டலைன்னா மறுபடியும் வலது கை. வழியில ரயில்வே கேட்டு ஏதும் மூடியிருக்கக் கூடாதுன்னு நான் தெரிஞ்ச புனிதர் எல்லாருக்கும் மெழுகுதிரி நேர்ந்தேன். இந்த மனுஷனை நேரத்துக்குக் கொண்டு சேத்திரு ஆண்டவரே, இனி ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொட மாட்டேன்.

கோயில் முற்றத்துல கார் போய் நின்னுச்சு. நான் நிறுத்தல. மாமா கையை எடுத்தார், அது நின்னுச்சு.

பாடகர் குழு வருகைப் பாட்டை எத்தனையாவது தடவையோ பாடிக்கிட்டு இருந்துது. மாமி ஓடி வந்து மாமா நெஞ்சைத் தடவிப் பாத்தா. "ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டு, மாமா குழாயடியில போய் சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டு வந்தார். அதுக்குப் பிறகும் லேசா பெட்ரோல் வாசம். கங்கு நிறைஞ்ச தூபக்கால் அவரு பக்கம் வாற நேரமெல்லாம் எனக்கு உசுரு போய் உசுரு வந்துது.

சுஜி வாசல்ல நின்னா. அழுது அழுது கண்மை கலைஞ்சு கெடந்துது. மாமா கையை நீட்டினார். அவ பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் நடந்தாங்க.

நாலு எட்டு வெச்சதும் சுஜி அப்பா முகத்தைத் திரும்பிப் பாத்தா. அப்புறம் தன் கையைப் பாத்தா. அப்புறம் பொலபொலன்னு அழ ஆரம்பிச்சா.

நான் பக்கவாட்டுல நின்னு பாத்தேன். விளங்கிருச்சு.

மாமாவோட கை அமுக்கிக்கிட்டு இருக்கு! விரல் தானா மூடுது, தானா திறக்குது. நிறுத்த முடியல அவரால. ஒவ்வொரு எட்டுக்கும் மகளோட கையை ஒரு அமுக்கு. வெள்ளமடத்துல இருந்து குளச்சல் வரைக்கும் பழகின அதே தாளம்.

"அப்பாவுக்கு விட மனசு இல்ல பாரு"ன்னு ஒரு பெரியம்மா மூக்கைச் சிந்தினா. அதைப் பாத்து அடுத்த பெஞ்சு அழுதுது. வீடியோக்காரன் ஓடிப் போய் அந்தக் கையை மட்டும் கிட்டத்துல எடுத்தான். பாடுறவங்களோட பாட்டு பாதியில நின்னுச்சு. ஃபாதர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

பீடத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை கையை நீட்டிக்கிட்டு நிக்கிறான். மாமா சுஜி கையை அவன் கையில வெச்சுட்டு விடணும். விடல. அமுக்கறார். மாப்பிள்ளையோட கையையும் சேத்து அமுக்கறார். ஃபாதர் பொறுமையா நிக்கிறார். கோயிலே விம்முது.

நான் பைய பின்னாடி போய் மாமா காதுல சொன்னேன்: "மாமா, வந்து சேந்தாச்சு. விடலாம்."

மாமா என்னைப் பாத்தார். அப்புறம் மகளைப் பாத்தார். இன்னும் ரெண்டு தடவை அமுக்கிட்டுத்தான் விட்டார். அந்த ரெண்டும் பம்புக்காக இல்லன்னு எனக்குத் தோணிச்சு. எனக்கும் கண்ணு நிறைஞ்சு போச்சு.

சாப்பாட்டுப் பந்தியில கிளீட்டஸ் என் எதிர்க்க உக்காந்து பிரியாணியை வெட்டிக்கிட்டு இருந்தான். நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரிப்பான், இல்லாட்டி வருத்தப்படுவான்னு பாத்தேன். எலும்பை இலையில வெச்சுட்டு, "அப்பமே சொன்னேன்லாடே, அந்த பல்பு உபகாரப்படும்னு"ன்னான்.

சாயங்காலம் ஆளெல்லாம் போன பிறகு ஸெலின் வந்து என் பக்கத்துல உக்காந்தா. கண்ணு இன்னும் சிவந்துதான் இருந்துது. அப்புறம் மெல்லக் கேட்டா:

"சுஜிக்க கைய அப்பா எப்பிடிப் புடிச்சாவ பாத்தியளா? நம்ம கல்யாணத்துல எனக்க கைய அப்பா அப்பிடியொண்ணும் புடிக்கல்லியே, என்னத்துக்காக்கும்?"

எங்க கல்யாணத்தன்னைக்குக் கார் நல்லா ஓடிச்சு.